திரையில் 98... தாத்தா மூச்சு விடுறாரா?



போன செமஸ்டர் லீவில் நடந்த ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்க தாத்தாவுக்கு 76 வயது. சாப்பாடு நெஞ்சுக்குள்ளே அடைக்கிற மாதிரி இருக்கு என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எண்டோஸ்கோபி பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். "பத்து நிமிஷ வேலைதான், லேசா தூங்க வெச்சிடுவோம்" என்றார்கள். சொன்னபடியே முடிந்தது. தாத்தாவை ரெகவரி அறைக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் ட்யூப், விரலில் கிளிப், தலைமாட்டில் மானிட்டர், துணைக்கு நான்.

தாத்தா நன்றாகக் குறட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. அப்பாடா, நிம்மதியா தூங்குறார் என்று நினைத்தேன். ஈ.சி.ஈ. படிக்கிற பையன் இல்லையா, மானிட்டரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஆக்சிஜன் 98. நாடித்துடிப்பு அலை அழகாக ஓடிக்கொண்டிருந்தது. போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தேன்.

அடுத்த கட்டிலில் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் சட்டென்று திரும்பினார், ஓடி வந்தார். தாத்தாவின் தாடையைப் பிடித்துத் தூக்கி, தோளைத் தட்டி, "ஐயா! ஐயா! மூச்சை நல்லா இழுத்து விடுங்க!" என்று சத்தம் போட்டார். தாத்தா ஒரு பெரிய மூச்சு இழுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அதற்கு முன்னால் கொஞ்ச நேரமாக அவர் மூச்சே விடவில்லை.

திரையில் அப்போதும் 97.

"சிஸ்டர், 98 தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நம்பரையே பாத்துட்டு இருந்தீங்களா தம்பி? நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்கணும்."

அவர் சொன்னதன் முழு அர்த்தம் புரிய எனக்கு அந்த லீவு முழுக்க ஆனது. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம்ம எல்லோர் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கிறார்கள். இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள், அவர்கள் கட்டில் பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

மயக்கம் ஸ்விட்ச் இல்லை, ரெகுலேட்டர்

மயக்க மருந்து என்றால் ஸ்விட்ச் போட்ட மாதிரி 'தூக்கம்', 'விழிப்பு' என்று இரண்டே நிலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் அதை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் பதற்றம் மட்டும் குறையும், பேச்சு சாதாரணமாக இருக்கும். இரண்டாவதில் கண்ணை மூடிக் கிடப்பார், கூப்பிட்டாலோ லேசாகத் தட்டினாலோ பதில் வரும். மூச்சுக்கு யாருடைய உதவியும் வேண்டாம். மூன்றாவதில் திரும்பத் திரும்பத் தட்டினாலோ வலி கொடுத்தாலோதான் அசைவார். இங்கே மூச்சு குறையலாம், நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடைபடலாம். நான்காவது, அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் முழு மயக்கம்.

ரெகுலேட்டரில் 'டக் டக்' என்று நிற்கும் இடம் உண்டு. உடம்பில் அது இல்லை. இரண்டாம் படிக்காகக் கொடுத்த மருந்து ஒருவரை மூன்றாம் படிக்கு இழுத்துக்கொண்டு போய்விடலாம். அதனால்தான், எந்தப் படிக்கு மருந்து கொடுக்கிறோமோ அதற்கு அடுத்த படியிலிருந்தும் நோயாளியை மீட்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வயதானவர்கள் இந்தப் படிகளில் இளைஞர்களைவிடச் சுலபமாகச் சறுக்குவார்கள். ஏன்?

வயசானா சிஸ்டமே மாறுது

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். (அரியர் வைத்தவர்கள் மன்னிக்கவும்!) இன்புட் மருந்து, அவுட்புட் மயக்கம். வயது ஏற ஏற இந்த சிஸ்டத்தில் மூன்று விஷயங்கள் மாறுகின்றன.

முதலாவது கெயின். அதே அளவு மருந்துக்கு மூளை அதிகமாக மயங்கும். சுவாசிக்கும் மயக்க வாயுக்களை எடுத்துக்கொண்டால், 40 வயதுக்கு மேல் ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் தேவைப்படும் அளவு சுமார் 6% குறைந்துகொண்டே போகும்.

இரண்டாவது டெட் டைம். கையில் ஏற்றிய மருந்து இரத்த ஓட்டத்தோடுதான் மூளைக்குப் போகிறது. வயதான இதயம் மெதுவாகத் தள்ளினால் மருந்து போய்ச் சேரவும் நேரமாகும். "இன்னும் தூங்கலையே" என்று அவசரப்பட்டு இரண்டாவது டோஸ் போட்டால், முதல் டோஸும் இரண்டாவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். நம்ம பாஷையில் ஓவர்ஷூட். எண்டோஸ்கோபிக்கு அதிகம் பயன்படும் மிடசோலம் மருந்தின் வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. 60 வயதுக்குக் கீழே ஆரோக்கியமாக இருப்பவருக்கு முதலில் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. 60 தாண்டியவருக்கு அது 1.5 மில்லிகிராம். அதையும் குறைந்தது 2 நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தி, மேலும் 2 நிமிடமாவது காத்திருந்து பார்த்த பிறகே அடுத்த சொட்டு.

மூன்றாவது ஃபீட்பேக். ஆக்சிஜன் குறைந்தாலோ கார்பன் டை ஆக்சைடு ஏறினாலோ "வேகமா மூச்சு விடு" என்று மூளைக்குத் தகவல் போகும். வயதாக ஆக இந்த எச்சரிக்கை மந்தமாகிவிடுகிறது. மயக்க மருந்து அதை இன்னும் அமுக்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் வேகமும் குறைந்திருப்பதால், இந்த நிலை நீடிக்கவும் செய்யும்.

கெயின் கூடி, டெட் டைம் கூடி, ஃபீட்பேக் பலவீனமான ஒரு சிஸ்டம். இதைச் சென்சார் இல்லாமல் ஓட்ட முடியுமா? சரி, அப்படியென்றால் விரலில் மாட்டியிருந்த அந்தச் சென்சார் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தது?

விரல் கிளிப் பார்ப்பது என்ன?

பல்ஸ் ஆக்சிமீட்டர் நமக்குப் புதிதல்ல. கொரோனா காலத்தில் வீட்டுக்கு ஒன்று வாங்கினோம். மினி புராஜெக்ட்டுக்கு மேக்ஸ் 30102 மாட்யூலை ஆர்டுயினோவில் இணைத்தவர்களும் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் தகுவோ அயோயாகி. ஆண்டு 1974. அவர் முதலில் அளக்க நினைத்தது ஆக்சிஜனையே அல்ல. இரத்தத்தில் சாயம் செலுத்தி, காதுமடல் வழியாக ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று பார்க்க நினைத்தார். நாடித்துடிப்பு நடுவில் புகுந்து அந்த சிக்னலைக் கெடுத்தது. அந்தத் தொல்லையை நீக்கப் பாடுபடும்போதுதான், துடிப்போடு சேர்ந்து மாறுவது தமனி இரத்தம் மட்டுமே என்பதைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கு நாய்ஸ், இன்னொருவருக்கு சிக்னல்!

ஆஸ்பத்திரிக் கிளிப்பில் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி எரியும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஆக்சிஜன் இறங்கியது சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஒவ்வொரு ஒளிக்கும் துடிக்கும் பகுதியைத் துடிக்காத பகுதியால் வகுத்து, அந்த இரண்டு விடைகளின் விகிதத்தை எடுக்கிறார்கள். விகிதம் 1 என்றால் சுமார் 85%. மற்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்து, இரத்தம் எடுத்துப் பார்த்துத் தயாரித்த அட்டவணையிலிருந்து. 

அந்த அட்டவணையில் நம்ம தாத்தாவின் விரல் இல்லை. சில்லிட்ட விரல், மெலிந்த நாடி, கை நடுக்கம், ஒழுங்கில்லாத இதயத்துடிப்பு எல்லாமே சிக்னலைக் கெடுக்கும். அடர்ந்த தோல் நிறத்தில் எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். அதோடு, கருவி பல நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்குத் தெரிய வருவதற்கும் நேரம் ஆகும்.

ஆனாலும் தாத்தா விஷயத்தில் கிளிப் தப்பாகச் சொல்லவில்லை. 98 என்பது பெரும்பாலும் உண்மையான 98 தான். சிக்கல் வேறு இடத்தில்.

பொய் சொல்லாமலே ஏமாற்றும் எண்

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றுவிட்டது. கீழே குழாயைத் திறந்தால்? தண்ணீர் ஜோராக வரும், தொட்டி காலியாகும் வரை. மூச்சுதான் மோட்டார், நுரையீரல் தொட்டி, விரல் கிளிப் குழாயடியில் நிற்கும் ஆள். மோட்டார் நின்ற செய்தி அவருக்குக் கடைசியில்தான் தெரியும்.

மூக்கில் ஆக்சிஜன் கொடுக்கும்போது இது இன்னும் மோசம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பேனா எடுங்கள்.

வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். நுரையீரலுக்குள் நீராவி 47 போக மீதி 713. காற்றில் ஆக்சிஜன் 21%, ஆக 150. இதிலிருந்து, நுரையீரலில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை 0.8-ஆல் வகுத்துக் கழிக்க வேண்டும். சாதாரணமாக அது 40. 40-ஐ 0.8-ஆல் வகுத்தால் 50. ஆக, நுரையீரலில் ஆக்சிஜன் 100. நல்ல நிலை.

இப்போது மயக்கத்தில் மூச்சு பாதியாகிவிட்டது. கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் இரண்டு மடங்காகி 80-க்கு ஏறும். 80-ஐ 0.8-ஆல் வகுத்தால் 100. 150-இல் 100 போனால் ஆக்சிஜன் வெறும் 50. விரல் கிளிப் 85-க்கும் கீழே காட்டி அலறும். நல்லது, ஆள் ஓடி வருவார்.

அதே பாதி மூச்சு, ஆனால் மூக்கில் ட்யூப் வைத்து 30% ஆக்சிஜன் போகிறது. 713-இல் 30% என்பது 214. அதில் 100 போனால் 114! வயதான நுரையீரலில் கொஞ்சம் இழப்பு போனாலும் கிளிப் 96, 97 என்று காட்டும். அலாரம் அடிக்காது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்காகி இருக்கிறது. அந்த அளவு கார்பன் டை ஆக்சைடே மூளையை மேலும் மயக்கும். மயக்கம் கூட, மூச்சு குறையும். மூச்சு குறைய, மயக்கம் கூடும்.

அப்படியானால் ஆக்சிஜன் கொடுக்கக்கூடாதா? கொடுக்கத்தான் வேண்டும். மூச்சு நின்றால் மீட்க அது சில நிமிட அவகாசம் தருகிறது. ஆனால் அந்த அவகாசத்தில் எச்சரிக்கை தர வேறு ஒரு சென்சார் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆக்சிஜன் அழுத்தத்துக்கும் கிளிப் காட்டும் சதவீதத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, 'எஸ்' வடிவ வளைவு. அழுத்தம் 100-இலிருந்து 60-க்கு இறங்கும்வரை சதவீதம் 97-இலிருந்து 90-க்குத்தான் வரும். அதற்குக் கீழே செங்குத்துச் சரிவு. அலாரம் 90-இல் வைத்திருந்தால், அது அடிக்கும்போது நோயாளி மலை விளிம்பில் நிற்கிறார் என்று அர்த்தம்.

மூச்சையே பார்க்கும் கருவி

அந்த இன்னொரு சென்சாரின் பெயர் கேப்னோகிராஃப். மூக்கில் வைக்கும் ட்யூபிலேயே இன்னொரு மெல்லிய குழாய் இருக்கும். வெளிவிடும் காற்றில் கொஞ்சத்தை உறிஞ்சி, சுமார் 4.3 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியை அதில் பாய்ச்சும். கார்பன் டை ஆக்சைடு அந்த ஒளியை நன்றாக உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைந்ததோ அவ்வளவு வாயு. முதலாம் ஆண்டில் படித்த பீர்-லாம்பர்ட் விதிதான்.

திரையில் ஒவ்வொரு மூச்சும் ஒரு செவ்வக அலைபோல வரும். மேல் விளிம்பு சாதாரணமாக 35-க்கும் 45-க்கும் இடையில். மூச்சு நின்றால் அடுத்த சில நொடிகளிலேயே கோடு தட்டையாகிவிடும். தொட்டி காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மோட்டார் அறையிலேயே ஆள் நிற்கிறார். மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு செவ்வகம் சாய்ந்து சுறாமீன் துடுப்பு மாதிரி ஆகும். இதற்கும் குறை உண்டு. மூக்கில் ஆக்சிஜன் கலப்பதாலும் வாயால் மூச்சு விடுவதாலும் எண் குறைவாகக் காட்டலாம். அதனால் எண்ணைவிட அலை வருகிறதா, எந்த வடிவத்தில் வருகிறது என்பதே முக்கியம். நடுத்தர மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இந்தக் கண்காணிப்பு வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011 ஜூலையிலிருந்து தன் தரவிதிகளில் சேர்த்தது. 

ஹைதராபாத்தில் ஒரு பழைய சண்டை

மூச்சைப் பார்ப்பதா, நாடியைப் பார்ப்பதா என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய சண்டை. அதன் முக்கியக் களம் நம்ம நாட்டு ஹைதராபாத்! குளோரோஃபார்ம் கொடுத்த நோயாளிகள் சிலர் திடீரென இறந்துகொண்டிருந்த காலம். ஹைதராபாத் மருத்துவப் பள்ளியை நடத்திய எட்வர்ட் லாரி, "மூச்சை மட்டும் பாருங்கள், மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கும்" என்றார். லண்டன் மருத்துவர்கள் பலர் நாடியையும் பார்க்க வேண்டும் என்றார்கள். நிஜாமின் பணத்தில் 1888-இல் ஒரு ஆய்வுக் குழு, 1889-இல் இன்னொன்று. இரண்டுமே லாரி பக்கம் தீர்ப்புச் சொன்னன. ஆனால் 1911-இல் குட்மன் லெவி என்பவர், லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயம் நேரடியாகவே தாறுமாறாகித் துடிப்பை இழக்கலாம் என்று நிரூபித்தார். இரண்டு பக்கமும் பாதி சரி. ஒரே சென்சாரை நம்பாதே என்பதுதான் அந்தச் சண்டை விட்டுப்போன பாடம்.

அதனால்தான் மானிட்டரில் ஈ.சி.ஜி.யும் இரத்த அழுத்தமும் கூடவே ஓடுகின்றன. இரத்த அழுத்தத்தைக் குறைந்தது 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கையில் கட்டும் பட்டை உண்மையில் அளப்பது பட்டைக்குள் வரும் அதிர்வைத்தான். சராசரி அழுத்தத்தை அதிலிருந்து எடுத்து, மேல் கீழ் எண்களைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. விறைத்த இரத்தக்குழாயும் ஒழுங்கற்ற துடிப்பும் உள்ள முதியவர்களுக்கு இந்தக் கணக்கு பிசகலாம்.

மூளையையே பார்த்தால்?

மயக்கம் நடப்பது மூளையில். நேராக அங்கேயே சென்சார் வைத்தால் என்ன? பெரிய அறுவை சிகிச்சைகளில் அதையும் செய்கிறார்கள். நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, மூளை அலைகளை எடுத்து, 0 முதல் 100 வரை ஒரு எண்ணாகச் சுருக்கும் பிஸ் கருவிக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழு மயக்கத்துக்கு 40 முதல் 60 வரை.

இங்கேயும் வயது குறுக்கே வருகிறது. முதியவர்களின் மூளை அலை இயல்பாகவே உயரம் குறைந்தது. பேட்ரிக் பர்டன், எமரி பிரவுன் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆழமாக மயங்கிய முதியவருக்கும் எண் கூடுதலாகக் காட்டக்கூடும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால்? அதனால் எண்ணோடு நிற்காமல் அலையையே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள் இவர்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில முதியவர்கள் இடம், ஆள் தெரியாமல் குழம்பிப் பிதற்றுவார்கள். மூளை அலையைப் பார்த்து மருந்தை அளந்து கொடுத்தால் இது குறையுமா? 60 வயது தாண்டிய 1,232 பேரிடம் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வில் குறையவில்லை: வழிகாட்டிய குழுவில் 26%, வழக்கமான குழுவில் 23%. இன்னொரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி, லேசான மயக்கத்தில் குழப்பம் குறைவதாகச் சொன்னது. விவாதம் இன்னும் முடியவில்லை. எம்பெடட், சிக்னல் புராசஸிங் பக்கம் ஆர்வம் உள்ளவர்களே, உங்களுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

தாத்தா பாட்டியோடு போகும்போது

சரி, நாம் டாக்டர் இல்லை. நம்மால் என்ன முடியும்?

* எல்லா மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் சேர்த்து. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர் சொல்லட்டும்.
* இரவில் பலமாகக் குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று திணறுவாரா? கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த தகவல் இது.
* ஆடும் பல், பல்செட், முன்பு மயக்க மருந்தில் வந்த பிரச்சினை, குடிப்பழக்கம் எதையும் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். "ஒரு வாய் காபிதானே" என்று மறைத்தால், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம்.
* "மயக்கத்தை யார் கவனிப்பாங்க? மூச்சைப் பார்க்கும் மானிட்டர் இருக்கா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தப்பே இல்லை.
* கண்ணாடியையும் காது மெஷினையும் கையில் வைத்திருங்கள். விழித்ததும் மாட்டிவிட்டால், எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.
* ரெகவரி அறையில் போனை உள்ளே வையுங்கள். நெஞ்சைப் பாருங்கள். குறட்டை என்றால் மூச்சுப்பாதை பாதி அடைபட்டிருக்கிறது. குறட்டை நின்று நெஞ்சும் அசையாவிட்டால், எண் எதுவாக இருந்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.
* வீட்டுக்கு வந்த பிறகு முதல் 24 மணி நேரம் தனியாக விடாதீர்கள். வண்டி ஓட்டக்கூடாது, மது கூடாது, டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை கூடாது.

தாத்தா இப்போது நன்றாக இருக்கிறார். உணவுக்குழாயில் புண்தான், மாத்திரையில் சரியாகிவிட்டது. அன்றைக்கு நடந்ததை அவரிடம் சொன்னேன். "நீ பக்கத்துல இருந்தியேடா, அப்புறம் என்ன பயம்?" என்று சிரித்தார்.

பக்கத்தில்தான் இருந்தேன். பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.